கொல்லிமலை உணவு

நாமக்கல் மாவட்டக் கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் சமையல். இவர்கள் கேரளத்தவர் அல்லர். காஞ்சிபுரம் பக்கமிருந்து வந்து மலையேறியதாகத் தங்கள் வழிவழிக் கதைகளில் சொல்பவர்கள். சமவெளி உணவகங்களும் கடைகளும் இன்று இதே பெயரில் விற்பது பெரும்பாலும் வேறொரு சமையல்.

சுமார் 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில், மானாவாரிச் சரிவுகளில் சாமை, கேழ்வரகு, தினை, பனிவரகு விளைந்தன. நீர் தேங்கும் பள்ளங்களில் நெல். அன்றாடச் சாப்பாடு சாமைச்சோறும் ராகிக்களியும். தொட்டுக்கொள்ளக் கீரை, மொச்சை, அவரை. கட்டவெட்டி, மல்லியச் சாமை, பெருஞ்சாமை, திரிகுலச் சாமை எனச் சாமையிலேயே பல ரகங்களைக் குடும்பங்கள் விதையாகக் காத்துவந்தன.

சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி மலையேறியதும் சிறுதானிய நிலங்கள் சுருங்கின. ரேஷன் அரிசியும் வந்தது. சாமையை உரலில் குத்தி, புடைத்து, உமி நீக்கும் பாடு முழுவதும் பெண்கள் தலையில் விழுந்திருந்தது. அவர்கள் அரிசிக்கு மாறியதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. 1990களில் இங்கு பணியைத் தொடங்கிய எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், ஊர்களுக்கு உமி நீக்கும் சிறு இயந்திரங்களைக் கொண்டுவந்தது. பழைய ரகங்களுக்கு அது செய்த பேருதவி இதுதான்.

ஐ.நா. 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின் நகர உணவகங்களில் சாமைப் பொங்கலும் வரகு பிரியாணியும் பெருகின. லண்டன், டொராண்டோ தமிழ்க் கடைகளிலும் சாமைப் பொட்டலம் கிடைக்கிறது. நெய்யும் முந்திரியும் சேர்ந்த அந்தப் பொங்கல் சுவையானதுதான், ஆனால் மலைச் சமையல் அல்ல. அசல் சமையலுக்கு அடையாளமாக, வெளிநாட்டிலுள்ள தாய்லாந்து உணவகங்களுக்கு அந்நாட்டு அரசு ‘தாய் செலக்ட்’ முத்திரை தருகிறது. கொல்லிமலைப் பெயருக்கு ஒரு முத்திரை வருமானால், செய்முறையைப் பார்க்குமுன் தானியம் எந்த ரகம், எந்த ஊரில் விளைந்தது என்று அது கேட்க வேண்டும்.

மலையின் பெயரோடு அதிகம் பயணித்த பண்டம் முடவாட்டுக்கால் சூப். பாறையிலும் மரத்திலும் படரும் பெரணியின் கிழங்கு இது. பழுப்பு ரோமம் மூடி ஆட்டுக்கால்போலவே இருக்கும். தோலைச் சீவி, நசுக்கி, மிளகு, சீரகம், பூண்டு சேர்த்துக் கொதிக்கவைப்பார்கள். மலையின் சந்தை ஊரான சோளக்காட்டிலும் அறப்பளீஸ்வரர் கோயில் வழியிலும் விற்ற இந்தச் சூப் இப்போது சமவெளி நகரங்களிலும் கிடைக்கிறது. சாமைக்குக் கிராக்கி கூடினால் உழவர் கூடுதலாக விதைக்கலாம். இந்தக் கிழங்கையோ காட்டிலிருந்து பெயர்த்தெடுக்கிறார்கள். ஆகவே சமவெளியில் கடைகள் பெருகப் பெருக மலைப்பாறைகளில் பெரணி குறையும் ஆபத்து உண்டு.