துயர் வீட்டின் இரவுப் பாட்டு

வடசென்னையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் துறைமுகத்தையும் இருப்புப்பாதையையும் ஆலைகளையும் கொண்டே எழுதுகின்றனர். 1856இல் இராயபுரத்திலிருந்து தென்னகத்தின் முதல் புகைவண்டி புறப்பட்டது. 1876இல் பணி தொடங்கிய செயற்கைத் துறைமுகம், 1881ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்து மீண்டும் எழுந்தது. பின்னி ஆலைத் தொழிலாளரை முன்வைத்து 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இவையெல்லாம் ஏடுகளில் உள்ளன. ஆனால் மூட்டை சுமந்தவனும் கட்டுமரம் செலுத்தியவனும் தம் வாழ்வைப்பற்றி என்ன நினைத்தார்கள்? அதற்குச் சான்று வேண்டுமாயின், நாம் ஏட்டை மூடிவிட்டு அவர்களுடைய பாட்டைக் கேட்கவேண்டும். அந்தப் பாட்டுக்குக் கானா என்று பெயர்.

துறைமுகம் கட்டப்படுமுன் கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். பயணிகளையும் சரக்கையும் மசூலாப் படகுகளில் ஏற்றி, அலைகளைக் கடந்து கரை சேர்த்தவர்கள் படகோட்டிகள். இராயப்பர் பெயரைத் தாங்கிய இராயபுரத்தில், 1829இல் அவருக்கு ஆலயம் எழுப்பியதும் அவர்களே. பின்னர், துறைமுகமும் ஆலைகளும் வளர வளர, சுற்றுப்புற மாவட்டங்களிலிருந்து நிலமற்றோர் வந்து குடியேறினர். அவர்களுள் பலர் ஊரில் தீண்டாமைக் கொடுமைக்கு ஆளானவர்கள். குடிசைகளே அவர்களுக்கு வீடாயின. பாட்டு அவர்களுக்கு ஊராயிற்று.

கானாவின் தோற்றம்பற்றி ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை. சித்தர் மரபின் நிலையாமைக் குரல் அதில் கேட்கிறது என்பர் சிலர். வடசென்னையில் வாழ்ந்து 1838இல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களோடு அதை இணைப்போரும் உண்டு. இந்துவும் இசுலாமியரும் கிறித்தவரும் ஒரே சந்தில் வாழும் பகுதியில், பாட்டும் பல ஊற்றுகளிலிருந்து நீர் பெற்றிருப்பது வியப்பன்று.

செய்தித்தாள் எட்டாத மக்களுக்குப் பாட்டே செய்தியுமாயிற்று. சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் விற்ற மலிவான சிறு நூல்கள் கொலை, வெள்ளம், இரயில் விபத்து ஆகியவற்றைச் சிந்தாகவும் கும்மியாகவும் பாடின. எழுத்தறிந்த ஒருவர் படிக்க, தெருவே கேட்டது. கானா அச்சேறாமலேயே இப்பணியைச் செய்தது. யார் இறந்தார், யார் சிறை சென்றார், எந்த வேலை போயிற்று என்பதெல்லாம் அதில் பதிவாயின.

இப்பாட்டின் உயிர்நிலை மரண கானா. இறந்தவர் வீட்டில் இரவெல்லாம் டோலக் ஒலிக்க, பாடகர் இறந்தவரின் பெயரைச் சொல்வார். பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைப்பார். அவர் செய்த தொழிலையும் பட்ட பாட்டையும் சொல்வார். உயிரோடு இருந்தபோது கூலிச்சீட்டில் மட்டும் எழுதப்பட்ட பெயர், அன்றிரவு பாட்டுக்குரிய பெயராகிறது. வரலாறு என்பது இதைவிட வேறென்ன?

உலகின் மறுகோடியிலும் இதற்கொப்பான ஒன்று உண்டு. அமெரிக்காவின் கென்டக்கியில் பிறந்த பில் மன்றோ (1911–1996) உருவாக்கிய புளூகிராஸ் இசை, மலைநாட்டு எளிய குடும்பங்களின் பாட்டிலிருந்து எழுந்தது. பிழைப்புத் தேடி ஓகையோ ஆலை நகரங்களுக்குச் சென்றவர்கள் அதைத் தம்முடன் கொண்டுசென்றனர். அதன் பாஞ்சோ கருவியோ, அடிமைகளாகக் கடத்தப்பட்ட ஆப்பிரிக்கரின் கொடை. 1966 முதல் அவ்விசைக் குடும்பத்துக்கெனத் தனி இதழே வெளிவருகிறது. நம் கானாவுக்கோ நீண்டகாலம் நினைவாற்றல் ஒன்றே ஏடாயிருந்தது. பாடகர் மறைந்தால் பாட்டும் மறைந்தது.

1990களில் இசையமைப்பாளர் தேவா கானாவைத் திரையில் பரப்பினார். 2006இல் 'சித்திரம் பேசுதடி' படம் கானா உலகநாதனின் குரலைத் தமிழகமெங்கும் கொண்டுசென்றது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியில் 2017இல் உருவான 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, சாதிக்கெதிரான குரலாக அதை மேடையேற்றியது. அக்குழுவில் பாடிய இசைவாணி, 2020இல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். ஆண்களின் பாட்டெனக் கருதப்பட்டதில் ஒரு பெண்குரல் ஒலித்தது சிறிய மாற்றமன்று.

ஆயினும், மேடையில் கானாவுக்குக் கைதட்டுவோரும் தம் தெருவில் அது ஒலித்தால் முகஞ்சுளிப்பதுண்டு. குடியும் கொச்சையும் சில பாடல்களில் கலந்துள்ளதை மறுக்க இயலாது. அதற்காகத் துயருற்றோரின் குரல் முழுவதையும் இழிவென்று தள்ளுவது நீதியாகுமா? சவுலும் யோனத்தானும் மாண்டபோது தாவீது புலம்பல் பாடினார். அதை யூதா மக்களுக்குக் கற்பிக்கவும் பணித்தார். இறப்புச் சடங்குகள் உயிர்ப்பின் நம்பிக்கையைத் தெளிவாகக் காட்டவும், அந்தந்த நாட்டின் மரபுகளோடு பொருந்தவும் வேண்டுமென 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கேட்டுக்கொண்டது. அழுகையை அடக்கிய பின்புதான் நம்பிக்கை பிறக்கும் என்று அச்சங்கம் சொல்லவில்லை.

ஆகவே, அன்பர்களே, அடுத்தமுறை துயர் வீடொன்றிலிருந்து டோலக் ஒலி கேட்கும்போது சன்னலைச் சாத்துமுன் சற்று நிற்போம். அங்கே பாடப்படுவது ஒரு மனிதரின் பெயர். அதை ஆண்டவர் அறிவார். அண்டை வீட்டாராகிய நாமும் அறிந்திருப்பது நல்லது.