எட்மன்டன் மறக்காத வெள்ளிக்கிழமை



நாம் வாழும் எட்மன்டனை 1987 யூலை 31, வெள்ளிக்கிழமை பிற்பகல் டொர்னேடோ என்னும் சுழல்காற்று தாக்கியது. லெடூக் பக்கத்தில் அதைக் கண்ட ஒருவர் உடனே வானிலை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அறிவித்தார். சில நிமிடங்களில் எச்சரிக்கை வெளியானது. ஆனால் அது எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை.

ஏறத்தாழ ஒரு மணி நேரம் அந்தக் காற்று மில்வூட்ஸ், கிளேர்வியூ என நகரின் கிழக்குப் பக்கத்தைச் சிதைத்துக்கொண்டு போனது. 27 பேர் இறந்தார்கள். 300 பேருக்கு மேல் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் 15 பேர் எவர்கிரீன் குடியிருப்பில் இருந்தவர்கள். அங்கிருந்தவை மொபைல் வீடுகள். ஒளிந்துகொள்ள பேஸ்மென்ட் இல்லை.

இந்த இழப்புக்குப் பிறகுதான் வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை நிறுத்தி எச்சரிக்கும் முறையை அல்பேர்ட்டா மாகாணம் ஏற்படுத்தியது. இன்று நம் கைத்தொலைபேசிகளிலும் அந்த ஒலி வருகிறது.

பிள்ளைகளே, ஒரு தாதியாகச் சொல்கிறேன்: டொர்னேடோவில் காயங்கள் பெரும்பாலும் பறந்து வரும் கண்ணாடியாலும் பலகையாலும்தான் ஏற்படுகின்றன. எச்சரிக்கை ஒலித்தால் படம் எடுக்க யன்னலடிக்கு ஓடாதீர்கள். பேஸ்மென்ட்டுக்குப் போய்த் தலையை மூடிக்கொள்ளுங்கள். ஆங்கிலம் விளங்காத அம்மம்மா, தாத்தாவுக்குத் தமிழில் சொல்லி அவர்களையும் கூட்டிச் செல்லுங்கள். எச்சரிக்கை அவர்களுக்கும் போய்ச் சேர வேண்டும்.