நெஞ்சில் முள் தைத்த ஆயர்

எங்கள் ஊர் பெருமாட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பிளாச்சிமடையும் 2002-இல் தொடங்கிய தண்ணீர்ப் போராட்டமும்தான் ஞாபகம் வரும். எனக்கு என் அப்பத்தாவின் சனிக்கிழமைகள். களத்து வேலை முடிந்து, கால் கழுவி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பாவசங்கீர்த்தனத்துக்குக் கிளம்புவாள். திரும்பும்போது நடையே வேறாக இருக்கும். "நெஞ்சுல தெச்ச முள்ளப் புடுங்கிப் போட்டுட்டு வந்தேன், கண்ணு" என்பாள். என்ன முள் என்று கேட்டால் வாய் திறக்கமாட்டாள்.

படுக்கையில் விழுந்தபிறகு ஒரே ஒருமுறை சொன்னாள். நடவுக்கு வந்த பெண்ணொருத்திக்கு வருஷக்கணக்கில் சிரட்டையில்தான் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அதே பெண்ணும் அவளும் ஒரே சாமியார் கையிலிருந்து நன்மை வாங்கியிருக்கிறார்கள். "அந்த முள்ளு மட்டும் போறப்பல்லாம் புடுங்குவேன், திங்கக்கிழமை மறுபடி தெச்சிரும்" என்றாள்.

இதே முள் தைத்து, ஆயர் பதவியையே விட்டுப் போன ஒருவர் எங்கள் மறைமாவட்டத்தில் இருந்தார் என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் சித்தூர் தாலுகா அந்நாளில் கொச்சி ராஜ்ஜியம். பக்கத்திலிருக்கும் பாலக்காடோ பிரிட்டிஷ் மலபார். ஆனால் லத்தீன் கத்தோலிக்கர்களுக்கு இரண்டும் கோவையோடு சேர்ந்தவை. ராஜா கொச்சியில், ஆயர் கோவையில். 2013 டிசம்பர் 28-ஆம் தேதி சுல்தான்பேட்டை மறைமாவட்டம் பிறக்கும் வரை உறுதிபூசுதல் கொடுக்க மலைக்கணவாய் தாண்டித்தான் எங்களுக்கு ஆயர் வந்தார்.

அந்த வரிசையில் முதலாமவர் மெல்கியோர் மரியோன் பிரேசிலாக். பிரான்ஸில் காஸ்டல்நௌடாரி ஊரில் 1813-இல் பிறந்தவர். 1842-இல் புதுச்சேரியில் வந்து இறங்கினார். 1846 அக்டோபர் 4 அன்று கருமத்தம்பட்டியில் ஆயராக அபிஷேகம் பெற்றபோது வயது 32. இந்த மண்ணின் பிள்ளைகளே குருக்களாகி, அவர்கள் கையிலேயே திருச்சபை நிற்கவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அன்றைக்கு மிஷனரிகள் பலருக்கு அது ரசிக்கவில்லை.

முள் தைத்தது வேறு இடத்தில். 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி, ஊர் வழக்கங்களை அனுசரித்து வேதம் சொன்னார். அப்படி வளர்ந்தவற்றை 'மலபார் சடங்குகள்' என்றார்கள். பெயர்தான் மலபார், விஷயமெல்லாம் தமிழ்நாட்டுடையது. 1704-இல் பாப்பரசரின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் இருந்துகொண்டு பலவற்றுக்குத் தடை போட்டார்: கல்யாணத்தில் தேங்காய் உடைப்பது, பெண் சமைந்ததைக் கொண்டாடுவது, ஞானஸ்நானத்தில் எச்சில் தொட்டுவைக்கும் சடங்கை அருவருப்புக்கு அஞ்சி விட்டுவிடுவது, நோயாளியைப் பார்க்கச் சேரி வீட்டுக்குள் போகாமலிருப்பது. 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் இதை ஆணையாக்கி முடித்தார். மிஷனரிகள் ஒவ்வொருவரும் அந்த ஆணைக்குச் சத்தியம் செய்யவேண்டும்.

சத்தியம் செய்துவிட்டு ஊருக்குள் வந்தால் கோயிலிலேயே சாதிக்கொரு பக்கம். வடக்கன்குளத்தில் 1872-இல் சாதிக்கொரு மண்டபமாகக் கால்சட்டை வடிவில் கோயிலே கட்டினார்கள். நடுச்சுவரை இடிக்க 1910 ஆயிற்று. பிரேசிலாக் காலத்தில் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ஒரு சாமியார் கண்டுகொள்ளாமல் விடுவார், இன்னொருவர் கண்டிப்பார்.

அவரைச் சாதி ஒழிப்புப் போராளியாக்கி மாலை போட எனக்கு விருப்பமில்லை. அவர் அப்படிப்பட்டவர் அல்ல. சாதியில் பாதி ஊர்வழக்கம் என்றும், அதைப் பொறுத்துக்கொள்ளலாமென்றால் ரோமையே வெளிப்படையாகச் சொல்லட்டும் என்றும்தான் கேட்டார். கையெழுத்து ஒன்று, நடப்பு ஒன்று என்று இருப்பதை அவர் மனச்சாட்சி தாங்கவில்லை. தெளிவான பதில் கிடைக்கவில்லை. ராஜினாமா கொடுத்தார், 1855-இல் ரோமை ஏற்றுக்கொண்டது. ஓய்வாக உட்காரவும் அவருக்குத் தெரியவில்லை. 1856 டிசம்பர் 8 அன்று லியோன் நகரின் ஃபூர்வியேர் மாதா கோயிலில் ஆப்பிரிக்க மிஷன் சபையைத் தொடங்கினார். 1859 மே மாதம் சியரா லியோனின் ஃப்ரீடவுனில் போய் இறங்கினார். ஆறு வாரத்தில், ஜூன் 25-ஆம் தேதி, மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். வயது 45.

விசுவாசம் நிம்மதி தரும் என்று பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம் எனக்கு அப்பத்தாவும் பிரேசிலாக்கும் நினைவுக்கு வருவார்கள். நிம்மதி வேண்டுமென்று முள்ளை உள்ளேயே வைத்துத் தைத்துக்கொள்ள இருவருக்கும் தெரியவில்லை. அவர் நாற்காலியை விட்டார். அப்பத்தா கடைசி நடவின்போது சிரட்டையை அடுப்பில் போட்டுவிட்டு, வெண்கலச் செம்பை வரப்புக்கு எடுத்துப் போனாள் என்று அம்மா சொல்வாள்.

பிரேசிலாக்கை 2020-இல் திருச்சபை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது. மலபார் சடங்குகள் பற்றிய அந்தச் சத்தியத்தை ரோமை 1940-இல் ரத்து செய்தது. அப்போது அவர் இறந்து 81 வருஷம் ஆகியிருந்தது.