சுழியோடியின் குருதியில் வளிக் குமிழி

வன்னிப் பெருநிலத்தின் வரலாறு பேசப்படுமிடத்துக் குளமும் வயலும் காடுமே முன்னிற்கின்றன. கிழக்கே முல்லைத்தீவு, நாயாறு, கொக்கிளாய் என்பனவும், மேற்கே பூநகரியும் அந்நிலத்தின் கடல்வாயில்களாக விளங்கியமை அத்துணை கவனிக்கப்படுவதில்லை. அக்கரைகளிற் சங்கும் கடலட்டையும் எடுக்கும் சுழியோடியின் உடலினுள் நிகழ்வதொன்றை விளங்கிக்கொள்ள ஐரோப்பிய அறிவியலுக்கு ஏறத்தாழ இருநூற்று நாற்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.

பூநகரிக்குத் தெற்கே, மன்னார்க் கடலின் அரிப்பு, சிலாபத்துறை ஆகிய இடங்களுக்கு அப்பாலுள்ள முத்துப்பார்களில் நெடுங்காலமாக முத்துக்குளிப்பு நடைபெற்றது. காலிற் கல்லைக் கட்டி, மூச்சை அடக்கி, ஐந்து முதல் பத்துப் பாகம் வரை இறங்கி, ஒரு நிமிடத்தையொட்டிய நேரத்தில் மேலேறுவதே அவர்தம் முறை. சுறாவுக்கு அஞ்சியே அவர்கள் கடல்கட்டியின் மந்திரத்தை நாடினர். குருதியில் எழும் குமிழிக்கு அவர்கள் அஞ்சவேண்டியிருக்கவில்லை. காரணம் எளிது. அவர்கள் கொண்டுசென்றது ஒரு மூச்சு வளியே. அதிற் கரைவதற்கிருந்த நைதரசனும் சிறிது, கரைவதற்குக் கிடைத்த நேரமும் சிறிது. (பசிபிக்கின் துவாமோத்துத் தீவுகளில் இதனினும் மிக ஆழத்துக்கு, இடைவிடாது நாள் முழுதும் மூழ்கிய முத்துக்குளிப்போரிடம் இத்தகைய நோய் காணப்பட்டமையால், மூச்சடக்குவோர்க்கு இது வரவேமாட்டாது எனல் பொருந்தாது.)

1670ஆம் ஆண்டில் ரொபேட் பொயில், வளி நீக்கிய கலத்தினுள் வைத்த விரியன் பாம்பின் கண்ணிலே குமிழியொன்று அசையக் கண்டார். 1803இல் வில்லியம் ஹென்றி, அமுக்கம் கூடுமளவுக்கு நீர்மத்திற் கரையும் வளியும் கூடும் என நிறுவினார். பாலங்களுக்கு அத்திவாரமிட அமுக்கிய வளி நிரம்பிய அறைகளில் உழைத்த தொழிலாளர் வெளியே வந்ததும் மூட்டுவலியாலும் வாதத்தாலும் வீழ்ந்தனர். புரூக்ளின் பாலத்தின் பொறியியலாளர் வாசிங்டன் ரோப்ளிங்கும் 1872இல் அவ்வாறே முடங்கினார். அக்குமிழிகளில் மிகுந்திருப்பது நைதரசனே என 1878இற் காட்டியவர் பிரெஞ்சு உடற்றொழிலியலாளர் போல் பேர்ட் ஆவார். ஆடுகளைக் கொண்டு சோதனை நிகழ்த்திய ஹோல்டேனும் அவர்தம் துணைவரும், படிப்படியாக நின்று மேலேறும் அட்டவணையை 1908இல் வெளியிட்டனர்.

உடலிற் பிறந்த குமிழி எவ்வாறு மறைகின்றது என்பதே ஈண்டுச் சுவையான வினா. இழையங்கள் ஒட்சிசனை உண்டு காபனீரொட்சைட்டை வெளிவிடுகின்றன. பின்னையது குருதியில் எளிதிற் கரைவதாகலின் அதன் அமுக்கம் சிறிதே உயர்கின்றது. எனவே நாளக் குருதியிற் கரைந்துள்ள வளிகளின் மொத்த அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தினும் குறைந்துபோகின்றது. குமிழியினுள்ளோ அமுக்கம் வெளியமுக்கத்திற் குறைவதில்லை. பரப்பிழுவிசையால் அது சற்றுக் கூடியே நிற்கும். இவ்வேறுபாட்டால் நைதரசன் குமிழியிலிருந்து குருதிக்குப் பரவி, நுரையீரல் வழியே வெளியேறுகின்றது. குமிழி சிறுக்கச் சிறுக்கப் பரப்பிழுவிசையின் நெருக்கு மிகுவதால், இறுதிக்கட்டம் விரைந்து முடியும். நோயாளி தூய ஒட்சிசனைச் சுவாசிப்பின் குருதியில் நைதரசன் அருகிவிடும். குமிழியும் பன்மடங்கு விரைவிற் கரையும். அமுக்க அறையில் 18 மீற்றர் ஆழத்துக்கொத்த 2.8 வளிமண்டல அமுக்கத்தின் கீழ் அது உடனடியாக மூன்றிலொரு பங்கை அண்மிய கனவளவுக்குச் சுருங்குகின்றது. இவ்விரண்டையும் இணைத்ததே இன்றைய சிகிச்சை.

1943இல் கூஸ்தோவும் கான்யானும் அமைத்த சுவாசக் கருவி பின்னர் இலங்கைக்கும் வந்தது. 1956இல் மைக் வில்சனும் ஆதர் சி. கிளார்க்கும் திருகோணமலைச் சுவாமி மலையடியிற் சுழியோடிக் கோணேசர் ஆலயச் சிதைவுகளைக் கண்டமை பலரும் அறிந்ததே. அக்கருவி சங்கும் அட்டையும் எடுப்போர் கைக்கு வந்தபோது, உடன் வரவேண்டிய அட்டவணை எல்லோர்க்கும் வந்துசேரவில்லை. கொள்கலனை 'ஒட்சிசன் சிலிண்டர்' என அழைக்கும் வழக்கே ஒரு மயக்கத்தைத் தருகின்றது. அதனுள் இருப்பது அமுக்கிய சாதாரண வளி. அதில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன். முப்பது மீற்றர் ஆழத்தில் நான்கு வளிமண்டல அமுக்கத்திற் கொள்கலன்மேற் கொள்கலனாகச் சுவாசித்தவன், பாட்டன் கல்லோடு இறங்கிய நாளில் அறியாத சுமையைக் குருதியிலேற்றிக் கரைசேர்கின்றான். முண்ணாணிற் குமிழி தோன்றின் இடுப்புக்குக் கீழ் உணர்விழக்க நேரும்.

வலி கண்டதும் மீண்டும் கடலுக்குள் இறங்குவது உலகின் பல கரைகளிலுமுள்ள வழக்கம். குமிழி சுருங்குவதால் வலி தணிவது மெய்யே. ஆயினும் அங்கே சுவாசிப்பதும் அதே வளியாகையால் மேலும் நைதரசன் ஏறுகின்றது; மீண்டு வரும்போது நோய் முன்னிலும் கடுமையாகலாம். கரையிலேயே ஒட்சிசன் கொடுத்து, நோயாளியைப் படுக்கவைத்தவாறே அமுக்க அறைக்குக் கொண்டுசெல்வதே தக்கது. முல்லைத்தீவிலிருந்து அதற்குத் திருகோணமலைக் கடற்படைத் தளத்தை நாடவேண்டும். குமிழி ஈற்றிற் கரைந்தே தீரும். குருதியின்றி மணிக்கணக்கிற் கிடந்த நரம்பு அதனோடு மீள்வதில்லை.