மயிலாப்பூர் அறையும் ஒரு பியானோவும்

மேடையில் ஒரே ஒரு பியானோ, வாசிக்க ஒரே ஒருவர். 1839-ல் ஃபிரான்ஸ் லிஸ்ட் ரோமில் இப்படித் தனியாக வாசித்துக் காட்டினார். அதுவரை பாடகரும் வயலின்காரரும் கூடவே வருவதுதான் வழக்கம்.

மூன்றே ஆண்டுகளில், 1842-ல், சென்னையில் ஓர் இசைக்கருவிக் கடை திறந்தது. இன்றும் அண்ணா சாலையில் நடக்கும் மியூசி மியூசிக்கல் அதன் தொடர்ச்சிதான். ஆனால் கருவி வந்தால் போதாது, ஆசான் வேண்டும்.

அந்தக் குறையைத் தீர்த்தவர்களில் முக்கியமானவர் தன்ராஜ் மாஸ்டர். மயிலாப்பூரில் ஒரு சிறிய அறையில்தான் அவருடைய வகுப்பு. பண்ணைப்புரத்திலிருந்து வந்த இளையராஜா மேற்கத்திய இசையை எழுதப் படிக்கக் கற்றது அவரிடம்தான். தமிழகத்துப் பியானோ வரலாற்றில் எந்தப் பெரிய அரங்கையும்விட அந்த அறைக்கே முதலிடம் தர வேண்டும்.

பியானோவின் 88 கட்டைகளும் நிலையான சுரங்கள். வீணைத் தந்தியை இழுத்து வளைப்பதுபோல் இதில் கர்நாடக இசையின் கமகம் பிடிக்க முடியாது. பியானோ கலைஞர் அனில் ஸ்ரீநிவாசன் அந்த எல்லைக்குள் நின்றே, கர்நாடகப் பாடகர் சிக்கில் குருசரணின் பாட்டுக்குப் பக்கத்தில் பியானோவை உட்கார வைத்தார்.

2008-ல் ஏ.ஆர். ரகுமான் கே.எம். இசைக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே பயின்ற லிடியன் நாதஸ்வரம், 2019-ல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் ரிம்ஸ்கி-கோர்சகோவின் ‘வண்டின் பறத்தல்’ என்ற இசைப் படைப்பை நிமிடத்துக்கு 325 தட்டுகள் என்ற வேகத்தில் வாசித்து வென்றார். அப்போது அவருக்கு வயது 13.