கீழ்ப்பாக்கம் என்றொரு வசைச்சொல்

ஓர் ஊரின் பெயர் அந்த ஊர் மக்களையும் மீறி வசைச்சொல்லாகிவிடுவதுண்டு. சென்னைக் கீழ்ப்பாக்கத்திற்கு நேர்ந்தது அதுதான். அங்கே தோட்டவீடுகள் இருந்தன, பள்ளிகள் இருக்கின்றன, அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. எனினும், 'இவனைக் கீழ்ப்பாக்கத்தில்தான் சேர்க்க வேண்டும்' என்று ஒருவர் சொன்னால் மதுரையிலோ நாகர்கோவிலிலோ எவரும் விளக்கம் கேட்பதில்லை. இலங்கைத் தமிழர் இதே பொருளில் 'அங்கொடை' என்பர். கோழிக்கோட்டுக்காரர் 'குதிரவட்டம்' என்பர். வடக்கே ஆக்ராவும் ராஞ்சியும் இப்பணியைச் செய்கின்றன. திரைப்பட நகைச்சுவைக் காட்சிகளில் இச்சொல்லைக் கேட்டு நாமும் சிரித்திருக்கிறோம். அச்சிரிப்பின் விலை என்ன என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன் நம் வீட்டிலேயே அறிய நேர்ந்தது.

நம் அத்தை ஒருவர் இருமுனை மனநிலைக் கோளாற்றுக்காகப் பல ஆண்டுகளாக லித்தியம் மாத்திரை உட்கொண்டுவந்தார். குடும்பத்துக்குள் அது 'நரம்பு மாத்திரை'. மூட்டுவலிக்காக வேறொரு மருத்துவரிடம் சென்றபோது, 'வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?' என்று அவர் கேட்டார். அறையில் வேறு நோயாளிகளும் நின்றிருந்தனர். அத்தை, 'ஒன்றும் இல்லை' என்றார். உடன் சென்றிருந்த நாமும் வாய் திறக்கவில்லை. மருத்துவர் வலிநிவாரணி எழுதிக் கொடுத்தார். அவ்வகை மாத்திரைகளுள் பல, சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவதைக் குறைத்துவிடும். இரத்தத்தில் அது ஏறி நஞ்சாகும். பத்து நாளில் அத்தையின் கைகள் நடுங்கின, நடை தள்ளாடியது, வாந்தி நிற்கவில்லை. மருத்துவமனையில் சேர்த்துப் பிழைக்கவைத்தனர். கேட்ட மருத்துவரிடம் குறையில்லை. பதிலை விழுங்கச் செய்த அச்சம் எங்கிருந்து வந்தது என்பதே அன்றுமுதல் நம்முள் இருக்கும் கேள்வி.

அதன் வேர் ஆழமானது. 1794ஆம் ஆண்டில் வாலன்டைன் கனாலி என்னும் கம்பெனி அறுவை மருத்துவர் சென்னையில் மனநோயாளர்க்கென ஓர் இல்லம் தொடங்கினார். பின்னர் அரசு தன் பொறுப்பில் எழுப்பிய காப்பகம் 1871இல் கீழ்ப்பாக்கத்தின் பரந்த தோட்ட நிலத்தில் இயங்கத் தொடங்கியது. அன்றைய ஆங்கிலப் பெயரை மக்கள் 'பைத்தியக்கார ஆஸ்பத்திரி' என்று தமிழாக்கிக்கொண்டனர். பிற்காலத்தில் அரசு பெயரை மாற்றியது. மக்கள் நாவில் பழைய பெயரே நின்றது.

பெயரைவிட வாயில்தான் அச்சமூட்டியது. 1912ஆம் ஆண்டின் சட்டப்படி, அலைந்து திரியும் மனநோயாளியைக் காவலர் பிடித்துக் குற்றவியல் நடுவர்முன் நிறுத்தலாம். நடுவரின் ஆணை அவரை உள்ளே அனுப்பும். காய்ச்சல்காரன் மருத்துவமனைக்குப் போனான், மனநோயாளி 'அனுப்பப்பட்டான்'. நோய்க்கும் குற்றத்துக்கும் ஒரே வாயில் என்றான பிறகு, அவ்வாயிலின் நிழல் குடும்பத்தின்மேல் விழாதிருக்குமா? 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் மனநலக் குறைவைத் திருமணத் தகுதியோடும் மணமுறிவோடும் பிணைத்தது. பெண்ணைப் பெற்ற வீடுகள் மருந்துச் சீட்டை அரிசிப்பானைக்குள் ஒளித்துவைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் மொழியின் பழைய மனம் இத்துணை இறுகியிருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 'பைத்தியம்' என்பது பித்தத்தோடு தொடர்புடைய வடசொல் வழி வந்தது. வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றனுள் ஒன்று மிகுந்ததால் வந்த உடற்கேடு என்பதே அதன் அடிப்பொருள். மஞ்சட்காமாலையைப் போல அதுவும் ஒரு நோயாகவே எண்ணப்பட்டது. சுந்தரர் இறைவனையே பித்தன் என்று விளித்தார். அடியார் மரபு அச்சொல்லை இழிவாகக் கொள்ளவில்லை. எனினும் பழமை முழுவதையும் பொன்னாக்கிக் காட்டுவது நேர்மையாகாது. பேய் பிடித்ததென்று வேப்பிலையால் அடித்ததும், கோயில்களிலும் தர்காக்களிலும் சங்கிலியால் பிணைத்ததும் நம் மரபினரே. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் ஒரு கீற்றுக் கொட்டகை தீப்பற்றியபோது, பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட இயலவில்லை; 28 பேர் மாண்டனர்.

மாற்றத்துக்கு உழைத்தவர்களும் இதே மண்ணில் இருந்தனர். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப்படும் சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்க மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்தார். அடைத்துவைக்கும் இடமாக இருந்ததைக் குணமாகித் திரும்பும் இடமாக்க அவர் முயன்றார். ஓய்வுக்குப் பின், 1984இல், மனச்சிதைவு நோயாளர்க்கான ஸ்கார்ஃப் அமைப்பை நிறுவியவர்களுள் முதன்மையானவரும் அவரே. 2021இல் மறையும்வரை அவர் அப்பணியை விடவில்லை.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். நோயாளியின் நோய்த்தகவலை இரகசியமாகக் காப்பது மருத்துவரின் கடமை என்கிறது அது. முன்னொரு காலத்தில் மனநலச் சிகிச்சை பெற்றார் என்பது மட்டுமே இன்று அவரை மனநோயாளி என்று முடிவுகட்டப் போதாது என்றும் சொல்கிறது. 'மாத்திரையைச் சொன்னால், நெஞ்சுவலி என்றாலும் எல்லாம் மனப்பிரமை என்று அனுப்பிவிடுவார்கள்' என்பது அத்தையின் நெடுநாள் அச்சம். அதை வெறும் கற்பனை என்று நாம் தள்ளமாட்டோம். அத்தகைய மருத்துவர்களும் உண்டு. சட்டம் ஒரே நாளில் மனிதரை மாற்றுவதில்லை.

அத்தை தாமே ஒரு வழி கண்டார். உண்ணும் மாத்திரைகளின் பெயர், அளவு, உண்ணத் தொடங்கிய ஆண்டு ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். மருத்துவர் முன் அமர்ந்ததும் முதலில் வந்த நோவை மட்டும் சொல்வார். பிறகு அட்டையை நீட்டுவார். பிறர் இருந்தால், 'கொஞ்சம் தனியாகப் பேச வேண்டும் ஐயா' என்பார். நாக்குக் கூசும் இடத்தில் எழுத்து பேசிவிடுகிறது.

முதன்முறை அவ்வட்டையை நீட்டியபோது அத்தையின் விரல்கள் நடுங்கியதைப் பார்த்தோம். அது மருந்தின் நடுக்கமன்று. இருநூறு ஆண்டுகளின் நடுக்கம். மருத்துவர் அட்டையைப் படித்தார். 'நல்லவேளை சொன்னீர்கள், அம்மா' என்று வேறொரு மருந்தை எழுதினார். அவ்வளவுதான் நடந்தது. அன்று தொட்டு நம் வகுப்பறையில் எந்த மாணவன் 'கீழ்ப்பாக்கம்' என்று கேலி பேசினாலும், பாடத்தைச் சற்று நிறுத்தி அவ்வூரின் வரலாற்றைச் சொல்லிவிட்டே மேலே செல்கிறோம்.