முதுகுத்தண்டு நுண்துளை அறுவை சிகிச்சையின் வரலாறு

முதுகுத்தண்டிலிருந்து கிளம்பும் நரம்பு அழுத்தப்படும்போது, சிறிய வெட்டின் வழியாகவே அந்த அழுத்தத்தை நீக்கும் முறை முதுகுத்தண்டு நுண்துளை அறுவை சிகிச்சை எனப்படும். இடுப்பில் தொடங்கி, பிட்டம், தொடை வழியாகக் கால் விரல் வரை மின்சாரம் பாய்வதுபோல் இறங்கும் வலியே இதன் முக்கிய அறிகுறி. மருத்துவர்கள் இதனைச் சயாட்டிகா என்பர். மேட்டூர், எடப்பாடி, திருச்செங்கோடு வட்டாரங்களில் மக்கள் இதனை "ஜவ்வு விலகிவிட்டது" என்று கூறுவர். தறியில் குனிந்து நெய்வோரும், லாரி ஓட்டுவோரும், மூட்டை தூக்குவோரும் நிறைந்த பகுதி இது.

காரணம் அறியப்பட்ட கதை

கால் வலிக்கு நரம்பே காரணம் என்று 1764இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகர மருத்துவர் டொமெனிக்கோ கொட்டுன்யோ எழுதினார். ஆனால் நரம்பை அழுத்துவது எது என்பது மேலும் 170 ஆண்டுகள் தெளிவாகவில்லை. அறுவையில் கிடைத்த திசுவைக் குருத்தெலும்புக் கட்டி என்றே பலரும் கருதினர்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வில்லியம் மிக்ஸ்டர், ஜோசப் பார் என்னும் இரு மருத்துவர்கள் இந்தக் கருத்தை மாற்றினர். முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் உள்ள வட்டத்தட்டு (டிஸ்க்) கிழிந்து, உள்ளிருக்கும் கூழ் போன்ற பொருள் பிதுங்கி நரம்பை நெருக்குகிறது என்று அவர்கள் காட்டினர். அவர்களது கட்டுரை 1934 ஆகஸ்ட் 2 அன்று வெளிவந்தது. அதே மாதம் 21ஆம் தேதி மேட்டூர் அணை திறக்கப்பட்டது. 1925 முதல் அந்த அணைக்குக் கல்லும் மண்ணும் சுமந்தவர்களில் எவருக்கேனும் இந்த வலி வந்திருந்தால், அதன் காரணம் அன்று மருத்துவ உலகுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை.

பெரிய வெட்டிலிருந்து சிறு துளைக்கு

தொடக்ககால அறுவையில் முதுகில் நீண்ட வெட்டுப் போட்டு, தசையை எலும்பிலிருந்து உரித்து, முள்ளெலும்பின் வளைவையும் அகற்றினர். நரம்பு விடுபட்டாலும் தசை நலிந்தது. நோயாளி பல நாள் படுக்கையில் இருக்க நேர்ந்தது. எனவே வெட்டைக் குறைக்கும் முயற்சிகள் தொடர்ந்தன.

1960களில் லைமன் ஸ்மித், பப்பாளிப் பாலிலிருந்து எடுத்த கைமோபாப்பெய்ன் என்ற நொதியை ஊசிவழி செலுத்தி வட்டத்தட்டின் கூழைக் கரைத்தார். சிலருக்குக் கடும் ஒவ்வாமை முதலிய கேடுகள் ஏற்பட்டதால் அம்முறை வழக்கொழிந்தது. 1975இல் ஜப்பானின் ஹிஜிகாட்டா, தோலில் சிறு துளையிட்டுக் கூழை வெளியே எடுக்கும் முறையை வெளியிட்டார். 1977இல் யாசர்கில், காஸ்பர் ஆகியோர் நுண்ணோக்கியின் துணையுடன் அறுவை செய்யும் முறையை விளக்கினர். 1997இல் ஃபோலே, ஸ்மித் ஆகியோர் தசையை வெட்டாமல் அதன் இழைகளை விலக்கி, இடையே குழாயைச் செலுத்தி, அகநோக்கி வழியே பார்த்துச் செய்யும் முறையை அறிமுகப்படுத்தினர். சி.டி., எம்.ஆர்.ஐ. படங்கள் வந்து, அழுத்தம் உள்ள இடம் முன்கூட்டியே துல்லியமாகத் தெரிந்ததால்தான் இத்தனை சிறிய வழி போதுமானதாயிற்று.

தமிழ்நாட்டில்

1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டியும், 1950இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. இராமமூர்த்தியும் நரம்பியல் அறுவைத் துறைகளைத் தொடங்கினர். கோவை கங்கா மருத்துவமனையின் எஸ். இராஜசேகரன், வட்டத்தட்டுக்கு ஊட்டம் சென்று சேரும் விதத்தை எம்.ஆர்.ஐ. மூலம் ஆராய்ந்து 2004இல் பன்னாட்டு இடுப்பு முதுகெலும்பு ஆய்வுக் கழகத்தின் பரிசைப் பெற்றார்.

சிறிய வெட்டு எப்போதும் சிறந்ததா?

விளம்பரங்களைப் படிப்போர் இங்கே கவனம் கொள்ள வேண்டும். நெதர்லாந்தில் 328 நோயாளிகளிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், குழாய்வழி அறுவை வழக்கமான நுண்ணோக்கி அறுவையைவிட மேலான பலன் தரவில்லை. அதே நாட்டில் 283 பேரிடம் நடந்து 2007இல் வெளியான மற்றோர் ஆய்வில், விரைவில் அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி சீக்கிரம் தணிந்தது. ஆயினும் ஓராண்டு முடிவில் இரு பிரிவினரின் நிலையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. பிதுங்கிய கூழை உடலே மெல்ல உறிஞ்சிக்கொள்வதால், பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில், மருந்தாலும் மிதமான நடமாட்டத்தாலும், வலி குறைந்துவிடுகிறது.

எனினும் காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போதல் அல்லது சிறுநீர் அடைத்துக்கொள்ளுதல், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், பாதத்தைத் தூக்க இயலாமை ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அந்த நேரத்தில் வைத்தியம் பார்க்கிறேன் என்று முதுகை மிதிப்பதும், இழுத்துவிடுவதும் நரம்பை நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்யக்கூடும். அத்தகைய அவசர நிலையில் வெட்டு சிறிதா பெரிதா என்பதைவிட, நரம்பு எவ்வளவு விரைவில் விடுவிக்கப்படுகிறது என்பதே முக்கியமாகும்.